குருவாயூரா, நாலம்பலமா, திருவஞ்சிக்குளமா? நீலகிரியிலிருந்து ஒரே நாளில் எது நடக்கும்

கூடலூரோ குன்னூரோ, கடலோரக் கோயிலுக்குக் காலையில் போய் ராத்திரிக்குள் வீடு திரும்ப வேண்டுமென்றால் நமக்குப் பக்கம் மலையாளக் கரைதான். ஆனால் கிலோமீட்டரை மட்டும் பார்த்துத் திட்டம் போட்டால் சாத்திக் கிடக்கும் நடையைக் கும்பிட்டுவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கும். அந்தப் பக்கத்துக் கோயில்களில் பெரும்பாலும் பதினொன்று, பன்னிரண்டுக்குள் நடை சாத்திவிடுவார்கள். மறுபடி திறக்க நாலரை, ஐந்து ஆகும். மலை இறங்கிப் போய்ச் சேரவே நான்கைந்து மணி நேரம் பிடிக்கிற நமக்குக் கிடைப்பது அந்தக் காலை நடை ஒன்றுதான்.

இந்தக் கணக்கில் குருவாயூருக்குச் சலுகை உண்டு. அதிகாலை மூன்று மணிக்கு நாளின் முதல் தரிசனமான நிர்மால்யத்தில் தொடங்கி மதியம் உச்சபூஜை தாண்டியும் தரிசனம் நடக்கும். கூடலூரிலிருந்து நாடுகாணி, நிலம்பூர், பெரிந்தல்மண்ணா, பட்டாம்பி, குன்னங்குளம் வழியாகச் சுமார் 150 கிலோமீட்டர். இரண்டரைக்குக் கிளம்பினால் ஏழு மணிக்கு வரிசையில் நிற்கலாம். சாதாரண நாளில் பொது வரிசைக்கு இரண்டு முதல் நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள். இடையில் சீவேலிக்காக, அதாவது சுவாமி பிராகாரம் சுற்றி வரும் நேரத்தில், வரிசையை நிறுத்தினால் பதற வேண்டாம், தானே நகரும். நிற்க முடியாதவர்களுக்கு நெய்விளக்கு வழிபாட்டுச் சீட்டு உண்டு: ஒருவருக்கு 1,000 ரூபாய், ஐந்து பேருக்கு 4,500. வயதானவர் இல்லாத வீட்டுக்கு அது வீண் செலவு என்பேன்.

ஆண்கள் பேண்ட்டோடு உள்ளே போக முடியாது. வேட்டி, மேலே சட்டை கூடாது. கட்டத் தெரியாத பையன்களுக்கு ஒட்டிக்கோ வேட்டி போதும், யாரும் கேட்பதில்லை. பெண்களுக்குச் சேலை, பாவாடை தாவணி, சுடிதார். போனுக்கு அனுமதி இல்லை. அதனால் கூட்டத்தில் பிரிந்தால் எங்கே சேர்வது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். கிழக்கு வாசல் பக்கம் மேல்பத்தூர் ஆடிட்டோரியம் எல்லாருக்கும் கண்ணில் படும். வெளியே வந்ததும் பக்கத்திலேயே மம்மியூர் சிவன். அவரையும் பார்த்தால்தான் குருவாயூர் யாத்திரை முழுமை என்பது ஐதீகம். பன்னிரண்டுக்குள் அங்கே இருங்கள். ஆவணி முகூர்த்த ஞாயிறுகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள்: 2024 செப்டம்பர் 8 அன்று ஒரே நாளில் முந்நூறுக்கு மேல் கல்யாணம் நடந்த ஊர் இது.

நாலம்பலம், அதாவது ராமருக்கும் மூன்று தம்பிகளுக்கும் உள்ள நான்கு கோயில்களின் சுற்று, கேட்க ஆசையாக இருக்கும். திருப்பிரயாரில் ராமர், இரிஞ்ஞாலக்குடா கூடல்மாணிக்யத்தில் பரதர், மூழிக்குளத்தில் லட்சுமணர், பாயம்மலில் சத்ருக்னர். நான்கு விக்கிரகங்களும் துவாரகையில் கண்ணன் பூஜித்து, பின் கடலில் மிதந்து இந்தக் கரைக்கு வந்தவை என்பார்கள். நான்கையும் ஒரே நாளில், முடிந்தால் உச்சபூஜைக்கு முன், தரிசிக்க வேண்டும் என்பது மரபு. சுற்று மட்டும் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். மூழிக்குளம் எர்ணாகுளம் மாவட்டத்துக்குள் தள்ளி இருப்பதால் அங்கேதான் கணக்கு உதைக்கும். விசேஷமான கர்க்கடக மாதமோ நம் ஆடியை ஒட்டி வரும் அடைமழைக் காலம். நடை நேரத்தை நீட்டுவார்கள், வரிசை அதைவிட நீளும். முதல் நாள் மாலையே இறங்கி திருச்சூரில் தங்கினால் நடக்கும். மலையிலிருந்து ஒரே நாளில் என்றால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

கூட்டத்துக்கு அஞ்சுகிறவர்களுக்கு மூன்றாவது வழிதான் சரி. கொடுங்கல்லூர் பக்கத்துத் திருவஞ்சிக்குளம், மலைநாட்டின், அதாவது கேரளத்தின், ஒரே தேவாரப் பாடல் பெற்ற தலம். சுந்தரர் வெள்ளை யானையில் கயிலை ஏறியது இங்கிருந்துதான் என்பது ஐதீகம். சுந்தரரும் சேரமான் பெருமாளும் சிலையாக இருக்கிறார்கள். இரண்டு கிலோமீட்டரில் கொடுங்கல்லூர் பகவதி. கண்ணகியே இங்கு குடிகொண்டாள் என்று நம்புகிறவர்கள் உண்டு. குன்னூரில் மூன்று மணிக்குப் புறப்பட்டு மேட்டுப்பாளையம், கோவை, வாளையார், குதிரான் சுரங்கம், திருச்சூர் வழியாகப் போனால் ஒன்பதுக்குள் திருவஞ்சிக்குளம், பத்துக்கு பகவதி. பிறகு வடக்கே 25 கிலோமீட்டரில் திருப்பிரயார். கடைசிக் கோயிலுக்குத்தான் இழுபறி: அந்தக் கடலோர நெடுஞ்சாலையில் விரிவாக்க வேலை நடக்கும் இடங்களில் சர்வீஸ் ரோட்டில் ஊர்ந்தால் நடை சாத்திவிடும். பங்குனி பரணிச் சமயத்தில் குடும்பத்தோடு கொடுங்கல்லூர் வேண்டாம்.

எந்த மலைப்பாதை என்பதில் கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கும் குன்னூர், கோத்தகிரிக்காரர்களுக்கும் குழப்பமில்லை. உதகைக்காரர்கள்தான் யோசிக்க வேண்டும். நாடுகாணி வழி குருவாயூர் சுமார் 200 கிலோமீட்டர், கோவை வழி 230. கிலோமீட்டர் குறைவென்று நாடுகாணியை எடுத்தால் பைக்காரா, நடுவட்டம் பனியில் விடியும் முன் ஓட்ட வேண்டும். மழைக்காலத்தில் மண்சரிவு பயமும் உண்டு, 2019 ஆகஸ்டில் நாடுகாணி மலைப்பாதை துண்டிக்கப்பட்டதை மறக்க முடியாது. ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை கோவை வழியே நல்லது. பலாப்பழ சீசனில் பர்லியாறு பக்கம் யானை நிற்கும். ஹார்ன் அடிக்காமல் காத்திருங்கள். இரண்டு பாதையிலும் இரண்டாவது கியரில் இறங்குங்கள். பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கினால் அடிவாரம் வருமுன் கருகல் வாடை அடிக்கும்.

திரும்பும்போது கீழே வாங்கிய ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் வண்டியில் இருந்தால், நீலகிரியில் அதற்குத் தடை என்பதால், சோதனைச்சாவடியில் பிடுங்கி அபராதமும் போடுவார்கள். வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் கொண்டு போய்விடுங்கள்.