ஹொன்னிங்ஸ்வோக்: பாறைக்கு மூன்று நட்சத்திரம், ஊருக்கு ஐந்து

நார்வே கப்பலுக்கு டிக்கெட் போட்டிருக்கும் நாகை, திருவாரூர் பக்கத்து ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். நார்வேயின் வடகோடியில் இருக்கும் துறைமுக ஊரான ஹொன்னிங்ஸ்வோகில் கப்பல் நின்றதும் எல்லோரும், ஐரோப்பாவின் வடக்கு முனை என்று பேர்வாங்கிய நூர்காப் முனைக்கு பஸ் ஏறிவிடுகிறார்கள். போக வேண்டாம் என்று சொல்லவில்லை. 71 டிகிரி வடக்கு, 307 மீட்டர் செங்குத்துப் பாறை, மேலே இரும்பு உலக உருண்டை, அதன் முன்னால் போட்டோவுக்கு வரிசை. ஆனால் கப்பலில் வாங்கிய பஸ் கட்டணத்துக்கு அங்கே விட்ட நேரம் ரொம்பக் கொஞ்சம். அதுவும் எங்களுக்கு மூடுபனிதான் வாய்த்தது, கடலே தெரியவில்லை. இதைவிட வடக்கே நீளும் முனை பக்கத்திலேயே இருக்கிறது; நடந்துதான் போக வேண்டும் என்பதால் பஸ்காரர்கள் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை!

ஊரை விட்டுவிடாதீர்கள். துறைமுகத்திலிருந்து நடக்கிற தூரத்தில் 1885-இல் கட்டிய வெள்ளை மரத் தேவாலயம் இருக்கிறது. 1944-இல் பின்வாங்கிய ஜெர்மன் படை ஊரையே கொளுத்தியதில் மிஞ்சியது இது ஒன்றுதான். திரும்பி வந்த ஜனங்கள் வீடு கட்டும்வரை இதற்குள்தான் தங்கியிருக்கிறார்கள். சுனாமிக்கு அப்புறம் கல்யாண மண்டபத்தில் கிடந்த எங்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. என் வீட்டுக்காரம்மா தேவாலய பெஞ்சை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

அப்புறம் கருவாடு. தாத்தா காலத்திலிருந்து எங்களுக்கு அதுதான் தொழில், கடையில் பார்த்ததும் கை சும்மா இருக்குமா? முழு காட் (cod) மீன், விறகுக் கட்டை மாதிரி விறைப்பு, தட்டினால் டக் டக் என்கிறது. ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டேன், உப்பே இல்லை. தலையை எடுத்துவிட்டு, இரண்டிரண்டாக வாலைக் கட்டி, மரச் சட்டத்தில் தொங்கவிட்டுக் குளிர்காற்றிலேயே காய வைக்கிறார்கள். ஈ வருகிற பருவத்துக்கு முன்னாலேயே மீன் காய்ந்துவிடுகிறது. நம்ம அக்கரைப்பேட்டையில் உப்பில்லாமல் போட்டால் சாயங்காலத்துக்குள் நாறிவிடும். விலையைக் கேட்டு மயக்கம் வந்தாலும் ஒன்று வாங்கினேன். ஊறவே நாள்கணக்கில் ஆனது. கத்தரிக்காய் போட்டுக் குழம்பு வைத்தோம், உப்பு மட்டும் தாராளமாகப் போட வேண்டியிருந்தது.

சைவக்காரர்கள் கப்பலிலேயே சாப்பிட்டுவிட்டு இறங்குங்கள். ஜூன், ஜூலையில் ராத்திரியிலும் சூரியன் மறையாது, ஆனால் காற்று காதைப் பிய்க்கும், குல்லா கட்டாயம்.