வீட்டுக்கே வரும் புற்றுநோய் ஜீன் டெஸ்ட்: கை சுத்தம், படிவம்தான் மோசம்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி வீடுகளுக்கு ஆள் அனுப்பி, பரம்பரைப் புற்றுநோய்க்கான மாதிரி எடுத்துப் போகிறது ஒரு கோவை லேப். மார்பகம், சினைப்பை, பெருங்குடல் என்று சின்ன வயதிலேயே புற்றுநோய் வரும் குடும்பங்களுக்கான சேவை இது.

மாதிரி எடுப்பதில் ஒன்றைத் தவிர குறை இல்லை. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ மருந்து உள்ள ஊதா மூடி டியூபில் 3 முதல் 5 மில்லி ரத்தம் எடுத்து, உடனே மெதுவாகப் பலமுறை தலைகீழாகக் கவிழ்க்கிறார்கள். கவிழ்க்காவிட்டால் கட்டி தட்டும், வேகமாகக் குலுக்கினால் ரத்த அணு உடையும். ஐஸ் பேக் டியூபில் படாதபடி இடையில் துணி வைக்கிறார்கள். எச்சில் கிட் என்றால் அரை மணி நேரத்துக்கு டீ, வெற்றிலை எதுவும் கூடாது (மலைக் குளிரில் பெரிய தண்டனைதான்). நுரையைக் கணக்கில் சேர்க்காமல் கோடு வரை நிரப்ப வேண்டும். எலும்பு மஜ்ஜை மாற்று செய்தவர்களுக்கு ரத்தம், எச்சில் இரண்டுமே ஒத்துவராது, கொடையாளியின் டிஎன்ஏ கலந்துவிடும். மஜ்ஜை மாற்று செய்தவரா என்று மட்டும் கேட்காமலே எடுக்கிறார்கள்.

படிவத்தில் இனம் என்ற இடத்தில் இருப்பது ‘தெற்காசியர்’ மட்டும். படகர், தோடர், கோத்தர், இருளர், குறும்பர், தாயகம் திரும்பிய தமிழர் எல்லாரும் அதே கட்டத்தில்! தங்களுக்குள்ளேயே மணம் முடிக்கும் சமூகங்களில் ஒரு முன்னோரின் ஜீன் மாற்றம் பலரிடம் பரவியிருக்கும். அஷ்கெனாசி யூதர்களில் ஏறக்குறைய 40 பேரில் ஒருவருக்கு பிஆர்சிஏ (மார்பக, சினைப்பைப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் ஜீன்) மாற்றம் இருப்பது அப்படித்தான். ஒப்பிடும் தரவுத்தளங்களிலோ ஐரோப்பியரே அதிகம். அதனால் நம் மாதிரிகளில் ‘பொருள் தெளிவற்ற மாற்றம்’, அதாவது வியூஎஸ் என்று வருவது கூடுதல். சமூகத்தையும் மூன்று தலைமுறை நோய் விவரத்தையும் ஓரத்தில் கையால் எழுதிக் கொடுங்கள். ஆனால் தோடர் மொத்தமே ஏறக்குறைய 2,000 பேர். சமூகமும் ஊரும் சேர்ந்தாலே ஆள் தெரிந்துவிடும். ஆராய்ச்சிக்குத் தருவதற்குத் தனிக் கையெழுத்து கேளுங்கள். இங்கே அதையும் பரிசோதனை ஒப்புதலோடு ஒரே கையெழுத்தில் முடித்துவிடுகிறார்கள்.

வியூஎஸ் வந்ததற்காக யாரும் மார்பகத்தையோ சினைப்பையையோ எடுக்கக் கூடாது. வருடத்துக்கு ஒருமுறை அதன் வகை மாறியதா என்று லேபைக் கேட்கலாம். பெரிய துண்டாக ஜீன் விடுபட்டிருப்பதைக் கண்டுபிடிக்கும் எம்எல்பிஏ சோதனை அடிப்படை பேக்கேஜில் இல்லை, கேட்டுச் சேர்க்க வேண்டும். கவுன்சலிங் ரிப்போர்ட்டுக்குப் பிறகு போனில் மட்டும்; முன்பே இருந்திருந்தால், முதலில் எடுக்க வேண்டியது நோய் வந்தவருக்குத்தான் என்று சொல்லியிருப்பார்கள். அவரிடம் நோய் தரும் மாற்றம் கிடைத்துவிட்டால், உடன்பிறந்தவர்களுக்கு அந்த ஒன்றைப் பார்த்தாலே பெரும்பாலும் போதும். எல்லாருக்கும் முழு பேனல் (பல ஜீன்களை ஒன்றாகப் பார்க்கும் டெஸ்ட்) என்றால் காரணம் கேளுங்கள்.