பலாலியா, கட்டுநாயக்கவா? யாழ்ப்பாணத்திலிருந்து தமிழ்நாட்டுக்குப் பறக்கும் வழிகள்

நேர்கோட்டில் அளந்தால் யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலியிலிருந்து சென்னை சுமார் 355 கிலோமீட்டர். கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கவிலிருந்து சுமார் 645. ஆனால் அட்டவணையில் இரண்டுக்கும் பறப்பு நேரம் ஒன்றேகால் மணியை ஒட்டியே இருக்கிறது. பலாலியின் ஓடுபாதை நீளம் குறைந்தது. அதனால் அங்கே வந்துபோவது ஏடிஆர் 72 என்ற சுழல்விசிறி விமானம். அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர். கொழும்பு வழியில் பறக்கும் ஜெட்கள் 800ஐத் தாண்டும்.

இதைப் பார்த்துவிட்டு, "நேரம் ஒன்றுதானே, கொழும்பாலேயே போவோம்" என்று சொல்பவர்கள் உண்டு. பயணம் வீட்டுப் படலையில் தொடங்குகிறது என்பதை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. யாழ் நகரிலிருந்து பலாலிக்கு அரை மணி நேரம் போதும். மூன்று மணி நேரம் முன்னதாகப் போனாலும், புறப்பட்டு ஐந்து மணி நேரத்துக்குள் சென்னையில் இறங்கிவிடலாம். கட்டுநாயக்க என்றால் வவுனியா, அநுராதபுரம், புத்தளம் என்று ஏழு மணி நேர வீதிப் பயணம். காத்திருப்பையும் பறப்பையும் சேர்த்தால் பதினொரு மணி நேரம் தாண்டும். சிகிச்சைக்காகச் சென்னை போகும் முதியவரை இரவு முழுக்க பஸ்ஸில் குலுக்கிக் கொண்டுபோய் விமானம் ஏற்றுவது கொடுமை. கட்டணம் சற்றுக் கூடினாலும் அவருக்குப் பலாலியே சரி.

கட்டுநாயக்கவின் பலம் வேறு. சென்னைக்கு அங்கிருந்து ஒரே நாளில் பல விமானங்கள் உண்டு. ஒன்று தவறினால் அடுத்ததைப் பார்க்கலாம். பலாலியில் தவறவிட்டால் பெரும்பாலும் மறுநாள்தான். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் நாள் தவறக்கூடாத அலுவல் இருந்தால், ஒரு நாள் முன்னதாகவே பறந்துவிடுவது நல்லது.

பலாலியிலிருந்து 2025 மார்ச் இறுதியில் தொடங்கிய திருச்சி விமான சேவையைத்தான் நம்மவர்கள் இன்னும் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் எண்ணம். நேர்கோட்டுத் தூரம் சுமார் 185 கிலோமீட்டர், சென்னைக்கான தூரத்தில் பாதிதான். நேரம் மட்டும் பாதியாகாது. ஓடுபாதைக்கு நகர்வதும் ஏறுவதும் இறங்குவதும் எவ்வளவு தூரத்துக்கும் வேண்டியவை. எனவே அட்டவணையில் சுமார் ஒரு மணி நேரம். உண்மையான மிச்சம் இறங்கிய பிறகு கிடைக்கிறது. தஞ்சாவூருக்கோ மதுரைக்கோ போகிறவர் சென்னையில் இறங்கினால், முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் தரைவழி போக வேண்டும்.

நாகப்பட்டினத்துக்கும் யாழ்ப்பாணத்துத் துறைமுகமான காங்கேசன்துறைக்கும் இடையிலான கப்பலுக்குக் கடலில் ஏறத்தாழ நான்கு மணி நேரம். காற்றும் அலையும் எழுந்தால் சேவை நின்றுவிடும் என்பதால், அவசரமில்லாதவர்களுக்கே அது ஏற்றது.

லண்டனிலிருந்தோ டொராண்டோவிலிருந்தோ சென்னை வழியாக ஊருக்கு வரும் உறவுகளுக்கு ஒன்று: இரு விமானங்களுக்கும் தனித்தனி டிக்கெட் எடுத்தால், பெட்டிகளை எடுத்து மறுபடி பதிய இந்தியக் குடிவரவைக் கடக்க வேண்டிவரலாம், அதற்கு இந்திய விசா தேவைப்படும். ஒரே டிக்கெட்டாகக் கிடைக்குமா, பெட்டி நேரே பலாலி வருமா என்று பணம் கட்டுமுன் கேட்டுவிடுங்கள். கிடைக்காவிட்டால், விசாவும் இல்லாவிட்டால், கட்டுநாயக்கவில் இறங்கி ரயிலோ வாகனமோ பிடிப்பதே பாதுகாப்பான வழி.