வேடந்தாங்கல்: கரையில் நின்று பார்க்கும்போது

மதுராந்தகத்தை அடுத்த வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயத்தைச் சுற்றுலா இடமாக மட்டும் எடைபோட்டால், கரைமேல் நடைபாதை, பார்வைக் கோபுரம், மரநிழல் என இரண்டு வரிகளில் முடித்துவிடலாம். இங்கு உண்மையில் மதிப்பிட வேண்டியது, அரசுக்குச் சொந்தமான ஒரு பாசன ஏரியைச் சுற்றியுள்ள உழவர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் முறையைத்தான்.

ஏறத்தாழ 30 ஹெக்டேர் பரப்புள்ள இந்த ஏரியின் நீர்க்கடம்பு மரங்களில் கூடு கட்டும் பறவைகளின் எச்சம் நீரில் கலந்து வயலுக்கு உரமாகிறது. அதன் பயனை நன்கு அறிந்த ஊரார், பறவைகளை யாரும் சுடக் கூடாது என்று முறையிட்டு, 1798-இல் அன்றைய செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் உரிமை ஆணை பெற்றனர். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு நூற்றெழுபது ஆண்டுகளுக்கும் முந்தைய ஏற்பாடு இது. தீபாவளிக்கும் பட்டாசு வெடிக்காத வழக்கத்தை அவர்கள் இன்றும் கடைப்பிடிக்கிறார்கள்.

பார்வையாளரைக் கரையோடு நிறுத்தியிருப்பது மிகச் சரியான ஏற்பாடு. நத்தை குத்தி நாரைகளும் கூழைக்கடாக்களும் அரிவாள் மூக்கன்களும் அஞ்சாமல் குஞ்சுகளுக்கு இரையூட்டுவதை அங்கிருந்தே காண முடிகிறது. இருகண் நோக்கி (பைனாகுலர்) ஒன்று கையில் இருந்தால் போதும். கூச்சலிட்டுப் பறவைகளைக் கிளப்ப முயல்வோரைப் பார்க்கும்போதுதான் மனம் வருந்துகிறது.

ஏரியை மட்டும் வேலியிட்டுக் காத்தால் போதாது. நாரைகள் இரை தேடுவது சுற்றுவட்டார வயல்களிலும் சிற்றேரிகளிலும்தான். ஆகவே, ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரையுள்ள நிலத்தையும் சரணாலயத்துக்குள் சேர்த்த 1998-ஆம் ஆண்டு அறிவிக்கையை இதன் உயிர்நாடியாகவே கருதுகிறேன். பட்டா நிலங்களும் குடியிருப்புகளும் அதனுள் அடங்குவதால் நிர்வாகம் எளிதன்று. ஆனாலும், 2020-இல் அந்த எல்லையைச் சுருக்க முன்மொழிந்தபோது எழுந்த எதிர்ப்பு முற்றிலும் நியாயமானது. 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றுவிட்டது என்பதற்காக இந்த விழிப்பு தளரக் கூடாது.

நவம்பர் முதல் மார்ச் வரை ஏற்ற காலம் என்றாலும், மழை பொய்த்து ஏரி நிரம்பாத ஆண்டில் பறவைகள் வெகுவாகக் குறைந்துவிடும் என்பதால், ஏரியின் நீர்மட்டத்தைக் கேட்டறிந்து புறப்படுவது நல்லது. வாத்தினங்களைக் காண விரும்புவோர் அருகிலுள்ள கரிக்கிலி பறவைகள் சரணாலயத்துக்கும் சென்று வரலாம்.