நான்கு டியூப் ‘ஸோர்ன்’ செட்: உருவத்துக்குச் சரி, இலைக்கு?

ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் ஸோர்ன் (1860–1920) பெயரைச் சொல்லி விற்கப்படும் ஆயில் கலர் செட்டில் நான்கே டியூப்: வெள்ளை, எல்லோ ஆக்கர் (மண் மஞ்சள்), ஒரு சிவப்பு, ஐவரி பிளாக் (கறுப்பு). நீலம் கிடையாது. மனித உருவம் வரைகிறவர்களுக்கு இது தாராளம். இயற்கைக் காட்சியை நம்பி வாங்கினால் பாதியில் முழிக்க வேண்டியதுதான்.

ஆக்கர் இரண்டு பங்கு, சிவப்பு ஒரு பங்கு. இதுதான் தோலுக்கு அடிப்படைக் கலவை. வெளிச்சம் விழும் இடத்துக்கு வெள்ளை சேர்க்கலாம். மாநிறத்துக்கு வெள்ளையைக் குறைத்துக் கறுப்பைத் துளித்துளியாகக் கூட்ட வேண்டும். காது மடல், மூக்கு நுனி, விரல் கணு மூன்றிலும் சிவப்பு தூக்கலாக இருக்கட்டும். தாடைக்கு அடியில் வெறும் கறுப்பும் வெள்ளையும் கலந்த சாம்பலைத் தொட்டு வைத்தால், பக்கத்துச் செம்மையால் அது நீலமாகவே கண்ணுக்குப் படும். காசு கொடுத்தது இதற்குத்தான்!

ஆக்கரோடு கறுப்பு சேர்ந்தால் மங்கிய ஆலிவ் பச்சை கிடைக்கும். மரப்பட்டை, பாறை, காய்ந்த புல், மழை மேகம் எல்லாம் அழகாக வரும். வெயில் ஊடுருவும் தளிரும் உச்சிவேளை வானமும் எப்படிக் கலந்தாலும் வராது. வானத்துக்கு அல்ட்ராமரின் நீலம், தளிருக்கு லெமன் மஞ்சள் என்று தனியாக வாங்கலாம்; அப்புறம் அது ஆறு டியூப் செட்.

வாங்கும்போது டியூபின் பின்புறம் நிறமி எண்ணைப் பாருங்கள். சிவப்பு பிஆர் 108 என்றால் காட்மியம். ஸோர்ன் பயன்படுத்திய வெர்மிலியன் என்ற சிவப்புக்குப் பக்கத்தில் நிற்கும். மலிவு செட்டுகளில் வரும் நாப்தால் சிவப்பு, வெள்ளை பட்டதும் ரோஸ் பக்கம் சாய்ந்துவிடும். வெள்ளையில் பிடபிள்யூ 4 என்றிருந்தால் துத்தநாகம். நாளடைவில் படலம் விறைத்து வெடிக்கும். பிடபிள்யூ 6, அதாவது டைட்டானியம், பரவாயில்லை. ஆனால் வீரியம் அதிகம். கொஞ்சம் கூடினாலும் முகம் மாவு பூசினதுபோல வெளிறும். ஸோர்ன் காலத்து ஈய வெள்ளைக்கு இந்தத் தொல்லை இல்லை (விஷம் என்பது வேறு விஷயம்).

ஐவரி பிளாக்கில் எண்ணெய் அதிகம், மெதுவாகக் காயும். அடிப்பூச்சில் அதைத் தடிமனாக வைத்து, மேலே சீக்கிரம் காயும் நிறத்தைப் போட்டால் விரிசல் நிச்சயம். டர்பன்டைனில் கரைத்து மெல்லிசாகத் தேய்த்தால் போதும்.

நான்கும் ஒரே அளவு டியூபாக வருவதுதான் பெரிய குறை. வெள்ளைதான் முதலில் காலியாகும். அதை மட்டும் பெரிய டியூபாகத் தனியே வாங்கி வையுங்கள்.