நாகர்கோவில் இலவச சட்ட உதவி: அம்மாவின் வழித்தகராறு தீர்ந்த கதை

பக்கத்துப் புரையிடக்காரர் (பக்கத்து மனைக்காரர்) நடைவழியை மறித்துக் கருங்கல் மதில் கட்டியதில், 72 வயது அம்மா ரப்பர் தோட்டத்தைச் சுற்றித்தான் ரோட்டுக்கு வர வேண்டியிருந்தது. நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனோம். வெள்ளைத்தாளில் மனு, பிரமாணத்தின் (நிலப் பத்திரத்தின்) நகல், கரம் தீர்வை (நிலவரி) ரசீது, அவ்வளவுதான். இலவச சட்ட உதவி பெறப் பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது என்பது அங்கு போய்த்தான் தெரிந்தது.

எங்களுக்குக் கிடைத்த வக்கீல் சார் அறுபது தாண்டியவர். ஞாயிற்றுக்கிழமை டேப்போடு வீட்டுக்கே வந்து வழியை அளந்தார். "அம்மா, கேஸ் ஜெயிக்கிறதவிட வழி கிடைக்கணும், இல்லியா?" என்று கேட்டதும் அம்மா அழுதுவிட்டாள். ஊரில் பட்டா, முதியோர் பென்ஷன் மனு எல்லாம் காசு வாங்காமல் எழுதிக் கொடுப்பவராம்.

அவர் மேசைக்கு மேலே மார்ஷல் நேசமணி படம். பள்ளியாடியில் பிறந்த அந்த வக்கீல்தான், 1956 நவம்பர் 1-ல் நம் குமரி மாவட்டத்தின் நாலு தாலுகாவும் தமிழ்நாட்டோடு சேரக் காரணமான போராட்டத்துக்குத் தலைமை தாங்கியவர். "அவரப் பாத்துதான் கறுப்புக் கோட்டு போட்டேன்" என்றார் சார். எனக்கு மெய் சிலிர்த்தது.

பக்கத்து வீட்டாருக்கு நோட்டீஸ் போய்ச் சேர இரண்டு மாதம் ஆனது. அது மட்டும் குறை. லோக் அதாலத்தில் (சமரசமாகத் தீர்க்கும் மக்கள் நீதிமன்றத்தில்) ஒரே அமர்வில் நாலடி வழிக்குச் சம்மதித்தார்கள். கட்டணம் ஒரு ரூபாய்கூட இல்லை, அந்தத் தீர்ப்புக்கு அப்பீலும் கிடையாது. விவரம் கேட்க 15100-க்கு அழைக்கலாம். நன்றி சொல்லப் போன அம்மா கொண்டுபோன மட்டிப்பழக் குலையில் ஒரு சீப்பு மட்டும் வக்கீல் சார் எடுத்துக்கொண்டார்.