முதல் பங்களிப்பு எதில்: நிரலா, வழுவா, ஆவணமா, மொழிபெயர்ப்பா?

திறமூல மென்பொருளுக்கு (நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் மென்பொருளுக்கு) ஏதாவது செய்யலாம் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கை வைப்பது நிரலில்தான். இத்தகைய திட்டங்கள் பல இருக்கும் கிட்ஹப் தளத்தில் 'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ' (முதல் முறை வருகிறவருக்கு ஏற்ற வேலை) என்ற முத்திரையோடு இருக்கும் வேலைகளில் ஒன்றைப் பிடிப்பார்கள், உள்ளே போய்ப் பார்த்தால் ஏற்கெனவே நாலு பேர் "நான் செய்கிறேன்" என்று எழுதிவிட்டுக் காணாமல் போயிருப்பார்கள். வேறு மூன்று வழிகளும் இருக்கின்றன, அதில் வழுக்களை, அதாவது மென்பொருளில் உள்ள பிழைகளை, சரிபார்ப்பதுதான் புதியவருக்கு ஏற்றது என்பது என் கட்சி.

நிரல் எழுதினால் கமிட் வரலாற்றில் (ஒவ்வொரு மாற்றமும் பதிவாகும் பட்டியலில்) உங்கள் பெயர் நிற்கும், அனுபவசாலிகள் உங்கள் நிரலை வரிவரியாக அலசுவார்கள், அது இலவசப் பாடம். ஆனால் லிப்ரெஆபிஸ் மாதிரி பெரிய மென்பொருள் என்றால் சாதாரணக் கணினியில் முதல் பில்டுக்கே (மூல நிரலை ஓடும் மென்பொருளாக மாற்றுவதற்கே) மணிக்கணக்கில் உட்கார வேண்டும். சம்பிரதாயங்களும் இடத்துக்கு இடம் மாறும்: பைத்தான் மொழியை இயக்கும் மென்பொருளான சிபைத்தானில் பங்களிப்பாளர் ஒப்பந்தத்தில் கையெழுத்து கேட்பார்கள், லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்கோ பேட்சை (செய்த மாற்றங்களை மட்டும் கொண்ட உரையை) மின்னஞ்சலில்தான் அனுப்ப வேண்டும், அதில் 'இதை அனுப்ப எனக்கு உரிமை உண்டு' என்று உறுதி சொல்லும் 'சைன்ட்-ஆஃப்-பை' வரியும் இருக்க வேண்டும் (லினக்ஸில் தங்கள் நிரல் கலந்திருக்கிறது என்று எஸ்சிஓ நிறுவனம் போட்ட வழக்குக்குப் பிறகு 2004இல் வந்த பழக்கம் அது). இதையெல்லாம் தாண்டி, யாரிடமும் கேட்காமல் ஒரு பெரிய புது வசதியை எழுதிக்கொண்டு போய் நின்றால், அது எவ்வளவு நன்றாக இருந்தாலும் 'இதை யார் காலத்துக்கும் பராமரிப்பது' என்ற ஒரே கேள்வியில் திரும்பி வந்துவிடும்.

வழுவுக்கு வருவோம். புதிதாகப் புகார் கொடுப்பதைச் சொல்லவில்லை, மற்றவர்கள் ஏற்கெனவே கொடுத்த புகார்களை எடுத்துச் சோதிப்பதைச் சொல்கிறேன். "சேமிக்கும்போது நின்றுவிடுகிறது" என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போன புகார்கள் எல்லாப் பெரிய திட்டங்களிலும் குவிந்து கிடக்கின்றன. ஒன்றை எடுத்து, கடைசிப் பதிப்பில் ஓட்டிப் பார்த்து, வழு இன்னும் வருகிறதா, எந்த இயங்குதளத்தில் வருகிறது, குறைந்தது எத்தனை படிகளில் வரவைக்கலாம் என்று எழுதுங்கள், இதற்கு யார் அனுமதியும் தேவையில்லை. பில்ட் செய்யத் தெரிந்தால் இன்னும் மேலே போகலாம். பழைய பதிப்பில் ஒழுங்காக இருந்தது புதியதில் உடைந்திருக்கிறதா, கிட் (நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) தரும் பைசெக்ட் கட்டளையை ஓட்டுங்கள், இடைவெளியைப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போவதால் ஆயிரம் கமிட் இருந்தாலும் சுமார் பத்தே சோதனையில் குற்றவாளி கமிட் மாட்டிவிடும். அது மாட்டினால் திருத்தம் சில சமயம் இரண்டு வரிதான், அதை நீங்களே எழுதலாம், நிரல் பக்கம் போக இதைவிடச் சுலபமான வாசல் எனக்குத் தெரிந்து இல்லை. பெயர் புகழ் கம்மிதான், ஆனால் பராமரிப்பாளர்களுக்கு உங்களை ஞாபகம் இருக்கும். பாதுகாப்பு ஓட்டை என்று சந்தேகம் வந்தால் மட்டும் பொதுவில் எழுதாமல், அவர்கள் சொல்லியிருக்கும் தனி வழியில் தெரிவியுங்கள். அப்புறம், ஏஐ எழுதிக்கொடுத்த புகாரை ஓட்டிக்கூடப் பார்க்காமல் ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், தயவுசெய்து அந்த வேலை வேண்டாம்.

ஆவணத்தில் புதியவருக்கு ஒரு அனுகூலம் உண்டு, நிறுவும்போது எங்கே தடுக்கியது என்பது அவருக்குத்தான் தெரியும், பழகியவர் கண்ணுக்கு அது படாது. ஆனால் ரீட்மியில் (திட்டத்தின் அறிமுகக் கோப்பில்) ஒரு சொல்லை மட்டும் மாற்றி அனுப்புவது ஆவண வேலை ஆகாது. திறமூலப் பங்களிப்பை ஊக்குவிக்க அக்டோபரில் நடக்கும் ஹாக்டோபர்ஃபெஸ்டில், 2020இல் டி-ஷர்ட்டுக்காக அப்படி வந்து குவிந்த புல் ரிக்வஸ்ட்களால் ('என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்ற கோரிக்கைகளால்), விருப்பம் தெரிவித்த திட்டங்கள் மட்டுமே கணக்கில் வரும் என்று நடுவிலேயே விதியை மாற்ற வேண்டியதாயிற்று.

மொழிபெயர்ப்பில் நுழைவதுதான் சுலபம். வெப்லேட், மொசில்லாவின் பொன்டூன் மாதிரி மொழிபெயர்ப்புத் தளங்கள் எல்லாம் உலாவியிலேயே ஓடும், கிட் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஆனால் ஒற்றைச் சொல்லாக வரும் 'ஓப்பன்' கட்டளையா நிலையா என்று திரையைப் பார்க்காமல் தெரியாது, '%s' மாதிரி, ஓடும்போது வேறு சொல் வந்து அமரும் இடத்தைக் காட்டும் குறிகளைத் தொலைத்தால் மென்பொருளே முரண்டு பிடிக்கலாம். உங்கள் மொழிக் குழுவில் சரிபார்க்க ஆள் இல்லாவிட்டால் நீங்கள் செய்ததெல்லாம் 'பரிந்துரை' என்ற பெயரில் மாதக்கணக்கில் கிடக்கும். அதனால் ஆரம்பிக்கும் முன்பே அந்தக் குழுவில் யாராவது சமீபத்தில் எதையாவது ஏற்றிருக்கிறார்களா என்று பார்த்துவிடுங்கள், இல்லையென்றால் சரிபார்க்கும் உரிமையையே கேட்டு வாங்கிக்கொள்ளலாம், சில குழுக்களில் யாராவது கேட்கமாட்டார்களா என்றுதான் காத்திருக்கிறார்கள்.